பெட்டி மானிட்டரை மாற்றுவோருக்குத் தட்டைத் திரையின் புள்ளிக் கணக்கு

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கும் என் மாமாவின் கணக்கு மேசையில் சென்ற ஆண்டு வரை 15 அங்குலப் பெட்டி மானிட்டர் ஒன்று இருந்தது. தோட்டக்காரர்களுக்குக் கொடுத்த முன்பணம், வண்டி வாடகை, கூழ் ஆலைகளுக்கு அனுப்பிய பெங்களூரா ரக மாங்காய் லோடுகள் என்று பல ஆண்டுக் கணக்கும் விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டும் ஓடுகிற ஒரு மென்பொருளில் இருப்பதால், கணினியை அப்படியே வைத்துக்கொண்டு மானிட்டரை மட்டும் மாற்றினால் போதும் என்று அவர் நினைத்தார். அந்த நினைப்பில் தவறு ஏதும் இல்லை. ஆனால் கடையில் பெரிதாகத் தெரிந்த 22 அங்குலப் புதுத் திரையை வாங்கிவந்து மாட்டியபோது, எண்கள் எல்லாம் பக்கவாட்டில் இழுபட்டு, ஓரம் மங்கி, நனைந்த தாளில் மையால் எழுதியவை போலத் தெரிந்தன. “இதுக்கு அந்தப் பெட்டியே தேவலை, மாப்ளே” என்றார். அதே திரையை அவருடைய மகளின் லேப்டாப்பில் இணைத்துப் பார்த்தோம். எழுத்துகள் அச்சில் வார்த்தது போலத் துல்லியமாக நின்றன. பழைய கணினி அனுப்பிய புள்ளிகளின் எண்ணிக்கையும் புதுத் திரையில் இருக்கும் புள்ளிகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போகாததே குழப்பத்துக்குக் காரணம். இந்தப் புள்ளிக் கணக்கை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொண்டால், குறைந்த செலவில் நல்ல திரை கிடைக்கும். தெரியாமல் வாங்கினால், அதிகச் செலவில் மங்கலான திரைதான் கிடைக்கும்.

முதலில் பழைய பெட்டி எப்படிப் படம் காட்டுகிறது என்று பார்ப்போம். அதன் பெயர் சிஆர்டி. தமிழ்ப் பாடநூல்கள் கேத்தோடு கதிர்க் குழாய் என்று சொல்லும். ஜெர்மானிய இயற்பியலாளர் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் 1897-ஆம் ஆண்டில் உருவாக்கிய குழாயின் வழியில் வந்தது அது. 2006 முதல் தமிழக அரசு வீடுகளுக்கு இலவசமாக வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிக்குள் இருந்ததும் இதே வகைக் குழாய்தான். காற்றை நீக்கி மூடிய கனத்த கண்ணாடிக் குடுவை அது. அதன் பின்பக்கக் கழுத்திலிருந்து எலக்ட்ரான் கற்றை முன்பக்கக் கண்ணாடியை நோக்கிப் பாய்கிறது. கழுத்தைச் சுற்றியுள்ள செம்புச் சுருள்கள் அந்தக் கற்றையை இடமிருந்து வலமாகவும், ஒவ்வொரு வரியாக மேலிருந்து கீழாகவும் வளைத்து நகர்த்துகின்றன. கண்ணாடியின் உட்புறத்தில் பூசியுள்ள பாஸ்பர் மீது கற்றை பட்ட இடம் ஒளிர்கிறது. ஒரு முழுப் படத்தை இப்படி வரைந்து முடிப்பது நொடிக்கு 60 முதல் 85 தடவை நடக்கிறது.

இதை வயலில் ஏர் ஓட்டுவதற்கு ஒப்பிடலாம். வயலின் அளவு மாறாது. ஆனால் அதில் எத்தனை சால் ஓட்டுவது என்பது ஓட்டுபவரின் விருப்பம். கணினி 600 வரிகளை அனுப்பினால் பெட்டி மானிட்டர் 600 சால் ஓட்டும். 768 வரிகளை அனுப்பினால் சால்களை நெருக்கி 768 ஓட்டும். இரண்டிலும் படம் முழுத் திரையையும் நிறைக்கும். எழுத்து சிறியதாகவோ பெரியதாகவோ தெரியுமே தவிர, சிதையாது. நம்மில் பலர் ரெசல்யூஷன் என்ற சொல்லைப் பற்றிக் கவலைப்படாமலேயே பல ஆண்டுகள் கணினி பயன்படுத்தியதற்கு இந்த வசதியே காரணம்.

தட்டைத் திரையின் அமைப்பு இதிலிருந்து அடிப்படையிலேயே வேறானது. ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஃப்ரீட்ரிக் ரைனிட்சர் 1888-இல் கவனித்த திரவப் படிகம், அதாவது நீர்மம் போல ஓடினாலும் படிகத்தைப் போல ஓர் ஒழுங்கில் அடுக்கி நிற்கும் பொருள், இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே அடைபட்டிருக்கிறது. பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிகிறது. படிகம் மின்சாரத்துக்கு ஏற்பத் திரும்பி, அந்த ஒளியைக் கடக்கவிடுகிறது அல்லது தடுக்கிறது. திரை முழுவதும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று பகுதிகள் கொண்ட சிறுசிறு புள்ளிகளாகத் தொழிற்சாலையிலேயே பிரிக்கப்பட்டுவிட்டது. இந்தப் புள்ளிகளைத்தான் பிக்சல் என்கிறோம். எல்சிடி என்பது இதன் பெயர். கடைகளில் எல்இடி மானிட்டர் என்று விற்பதும் எல்சிடியேதான். பின்விளக்காக முன்பு மெல்லிய குழல் விளக்கு இருந்தது, இப்போது எல்இடி இருக்கிறது என்பதே வேறுபாடு.

ஏர் ஓட்டிய வயலுக்குப் பதிலாக, இது மாந்தோப்பு. வரிசைக்கு எத்தனை மரம், எத்தனை வரிசை என்று நட்டபோதே முடிவாகிவிட்டது. பிறகு மாற்ற முடியாது. ஒரு 17 அங்குலச் சதுரத் திரையில் (அகலம் உயரத்தைவிடச் சற்றே கூடிய பழைய வடிவத்தை அப்படிச் சொல்கிறோம்) குறுக்காக 1280 புள்ளிகளும் நெடுக்காக 1024 புள்ளிகளும் இருந்தால், அதன் ஆயுள் முழுவதும் அவ்வளவுதான் இருக்கும். இந்த எண்ணிக்கையே அந்தத் திரையின் சொந்த ரெசல்யூஷன். கணினியும் 1280 × 1024 என்றே அனுப்பினால், ஒவ்வொரு புள்ளிக்குமான செய்தி அதற்குரிய புள்ளிக்கு நேராகப் போய்ச் சேரும். பழைய பழக்கத்தில் கணினி 1024 × 768 என்று அனுப்பினால், குறுக்கு வாட்டில் நான்கு மரங்களுக்கு அளந்து விட்ட நீரை ஐந்து மரங்களுக்குப் பங்கிட வேண்டிய நிலை ஏற்படுகிறது. நெடுக்கு வாட்டில் மூன்றை நான்குக்குப் பங்கிட வேண்டும். திரைக்குள் இருக்கும் சில்லு அண்டைப் புள்ளிகளைக் கலந்து இடைநிறம் உண்டாக்கி இடைவெளியை நிரப்புகிறது. அந்தக் கலவையைத்தான் நம் கண் மங்கல் என்று உணர்கிறது. குறுக்கே ஒன்றேகால் மடங்கும் நெடுக்கே ஒன்றே மூன்றிலொரு மடங்கும் இழுபடுவதால், வட்டம்கூடச் சற்று நீண்டு முட்டை வடிவமாகிறது.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இது இன்னும் கூடுதலான தொல்லை. ஆங்கில எழுத்து ஓரளவு மங்கினாலும் படித்துவிடலாம். தமிழில் மெய்யெழுத்தின் தலைமேல் நிற்கும் புள்ளி, சிறிய எழுத்தில், ஓரிரு பிக்சல் அளவே இருக்கும். அது பக்கத்துப் புள்ளிகளோடு கலந்து கரைந்தால் ‘க்’ எது, ‘க’ எது என்று உற்றுப் பார்க்க வேண்டும். ‘ன’, ‘ண’ சுழிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தாலுகா அலுவலகத்துக்கு எதிரே மனு தட்டச்சு செய்து கொடுக்கும் கடைகளில் நாள் முழுவதும் உட்காரும் பிள்ளைகளின் கண்களை எண்ணிப் பார்த்தாலே, இது சிறிய விஷயம் இல்லை என்பது விளங்கும்.

ஆகவே, திரை வாங்கப் போகும் முன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, நம் பழைய கணினி எந்தெந்த ரெசல்யூஷனை அனுப்பும் என்பதுதான். எத்தனை அங்குலம் என்பது அதற்குப் பிறகு வருவது. எக்ஸ்பியில் டெஸ்க்டாப்பின் வெற்றிடத்தில் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, பிராப்பர்ட்டீஸ் என்பதில் செட்டிங்ஸ் பகுதிக்குச் சென்றால், இடவலமாக நகர்த்தும் பட்டை ஒன்று இருக்கும். பெட்டி மானிட்டர் இணைந்திருக்கும் போது அது தாங்கும் அளவுவரைதான் பட்டியலில் தெரியக்கூடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மதர்போர்டிலேயே கிராபிக்ஸ் அமைந்த பழைய கணினிகளில் பெரும்பாலானவை 1024 × 768, 1280 × 1024 ஆகிய இரண்டையும் தயங்காமல் அனுப்பும். அகலத் திரைகளுக்குரிய அளவுகள் அவற்றின் காலத்துக்குப் பிறகு பரவியவை என்பதால், டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்தாலும் சிலவற்றில் அந்த அளவுகள் வருவதில்லை. 1366 × 768 என்ற அளவில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய கிராபிக்ஸ் பல, குறுக்கு எண்ணிக்கையை எட்டின் மடங்காகவே கணக்கிடும். 1366 எட்டால் வகுபடாது. அதனால் அவை 1360 × 768 என்று ஆறு புள்ளிகள் குறைவாக அனுப்பும்.

சந்தையில் கிடைக்கும் விலை குறைந்த திரைகளின் சொந்த அளவுகள் ஏறத்தாழ நிலையானவை. 15 அங்குலச் சதுரத் திரையில் 1024 × 768; 17, 19 அங்குலச் சதுரத் திரைகளில் 1280 × 1024; 18.5 அங்குல அகலத் திரையில் 1366 × 768, 19.5 அங்குலத்தில் பெரும்பாலும் 1600 × 900, கடையில் 22 அங்குலம் என்று சொல்லும் 21.5 அங்குலத்தில் பெரும்பாலும் 1920 × 1080. மாமா வாங்கிய திரை இந்தக் கடைசி அளவுடையது. அவருடைய கணினி அனுப்பியதோ 1024 × 768. அந்தப் படம் குறுக்கே ஏறத்தாழ இருமடங்காகவும் நெடுக்கே அதைவிடக் குறைவாகவும் இழுபட்டதால்தான் எண்கள் எல்லாம் பருத்துப்போயின.

அங்குலக் கணக்கிலும் ஒரு மயக்கம் உண்டு. அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளந்தது. பெட்டி மானிட்டரில் கண்ணாடிக் குழாயின் மறைந்த ஓரத்தையும் சேர்த்துச் சொல்வது வழக்கம் என்பதால், 17 அங்குலப் பெட்டியில் கண்ணுக்குத் தெரியும் பகுதி 16 அங்குலத்தை ஒட்டியே இருக்கும். தட்டைத் திரையில் சொன்ன அளவு முழுவதும் தெரியும். அதைவிட முக்கியமானது உயரம். 18.5 அங்குல அகலத் திரையின் உயரம் 9 அங்குலத்தைச் சற்றே தாண்டும்; 15 அங்குலச் சதுரத் திரையின் உயரமும் 9 அங்குலம்தான். 17 அங்குலச் சதுரத் திரையோ பத்தரை அங்குலத்துக்குமேல் உயரம் உடையது. படம் பார்ப்பவருக்கு அகலம் வேண்டும். பத்திர நகல், மனு, பேரேட்டுப் பக்கம் என மேலிருந்து கீழாக நீளும் வேலை செய்பவருக்கு உயரமே வேண்டும். அங்கே 768 வரிகளைவிட 1024 வரிகள் பக்கத்தின் கூடுதலான பகுதியை ஒரே பார்வையில் காட்டும். ஆகவே பழைய கணினியை வைத்துக்கொண்டு கணக்கும் கடிதமும் பார்க்கிற ஒருவருக்கு, பயன்படுத்தப்பட்ட 17 அல்லது 19 அங்குலச் சதுரத் திரையே மிகப் பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து. புதுமை என்ற ஒரே காரணத்துக்காக அகலத் திரைக்குப் போக வேண்டியதில்லை.

அடுத்தது இணைப்பு. பழைய கணினியின் பின்புறத்தில் மூன்று வரிசையில் 15 துளைகள் கொண்ட, பெரும்பாலும் நீல நிறத்திலான போர்ட் விஜிஏ எனப்படும். 1987-இல் ஐபிஎம் நிறுவனத்தின் பிஎஸ்/2 கணினிகளோடு வந்தது. புதிய திரைகள் சிலவற்றில் எச்டிஎம்ஐ மட்டுமே இருக்கிறது. விஜிஏ அனுப்புவது அலையாக ஏறி இறங்கும் அனலாக் மின்னழுத்தம். எச்டிஎம்ஐ எதிர்பார்ப்பது எண்களாக்கிய டிஜிட்டல் செய்தி. ஒன்றை மற்றொன்றாக மாற்ற, உள்ளே சில்லு கொண்ட கன்வெர்ட்டர் வேண்டும்; இரு முனைகளும் பொருந்துகிற வெறும் கேபிளால் அது நடவாது. மேலும் அந்தக் கன்வெர்ட்டர் ஒருவழிப் பாதை. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றுவது வேறு, விஜிஏவிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுவது வேறு. முதல் வகையே கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது வகை. மாமாவுக்கு ஒரு கடையில் முதலில் கொடுத்தது தவறான திசைக்கு உரியது. படமே வராமல் இரண்டு நாள் போயிற்று. இத்தனை சிரமமும் வேண்டாம் என்றால், திரையிலேயே விஜிஏ போர்ட் இருக்கிறதா என்று பின்புறத்தைத் திருப்பிப் பார்த்து வாங்க வேண்டும். பழைய சதுரத் திரைகளில் அது பெரும்பாலும் இருக்கும்.

எங்கள் மாவட்டங்களுக்கு ஒரு வசதி உண்டு. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். ஓசூருக்கோ அது அண்டை வீடு. பெங்களூரில் உள்ள எஸ்.பி. ரோடு மின்னணுப் பொருள்களுக்கும் கணினி உதிரிகளுக்கும் பெயர்பெற்ற சந்தை. அலுவலகங்களில் கழித்த மானிட்டர்களைத் துடைத்துச் சரிபார்த்து விற்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிக் கடைகளிலும் இத்தகைய திரைகள் கிடைக்கின்றன. எங்கே வாங்கினாலும், ஓடவிட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. முழு வெள்ளைப் படத்தில் ஒருமுறையும் முழுக் கறுப்புப் படத்தில் ஒருமுறையும் உற்றுப் பார்த்தால், இறந்த புள்ளிகளும் ஓயாமல் ஒளிரும் புள்ளிகளும் தெரிந்துவிடும். ஓரத்தில் ஒன்றிரண்டு இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். நடுவில் இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்க வேண்டும் அல்லது விட்டுவிட வேண்டும். குழல் பின்விளக்கு உள்ள பழைய திரையில் வெள்ளை நிறம் மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரிந்தால் விளக்கு ஓய்ந்துவருகிறது என்று பொருள். குறைந்தது அரை மணி நேரம் ஓடவிட வேண்டும். பவர் சப்ளையில் உப்பிய கெப்பாசிட்டர் இருக்கும் திரை, சூடேறிய பிறகோ அணைத்துப் போடும்போதோ தன் குறையைக் காட்டிக்கொடுக்கும். தனி அடாப்டரில் ஓடும் வகையாக இருந்தால், அந்த அடாப்டரில் அச்சிட்ட வோல்ட் அளவும் திரையின் பின்னால் அச்சிட்ட அளவும் ஒன்றுதானா என்பதையும் பார்க்க வேண்டும்.

திரை வீட்டுக்கு வந்ததும் பழையதைக் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பெட்டி மானிட்டரில் நொடிக்கு 60 தடவை வரைந்தால் படம் சிமிட்டுவது போலத் தோன்றும் என்பதால், விவரம் தெரிந்த யாராவது அதை 85 என்று ஏற்றி வைத்திருக்கக்கூடும். தட்டைத் திரைகள் பலவும் விஜிஏ வழியாக 75-க்கு மேல் ஏற்பதில்லை. அப்படியே மாற்றினால், படம் இல்லாமல் ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்ற அறிவிப்பு மட்டும் மிதக்கும். திரை கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொண்டுபோனவர்களும் உண்டு. எனவே பழைய மானிட்டர் இணைந்திருக்கும்போதே, செட்டிங்ஸ் பகுதியில் அட்வான்ஸ்டு, பிறகு மானிட்டர் என்று சென்று, நொடிக்கு எத்தனை தடவை வரைவது என்பதைக் குறிக்கும் ரெஃப்ரெஷ் ரேட்டை 60 ஆக்கிவிட வேண்டும். மறந்துபோய் மாற்றிவிட்டால், கணினியை மீண்டும் தொடங்கும்போது எஃப்8 விசையை அழுத்தி, ‘எனேபிள் விஜிஏ மோட்’ என்பதைத் தேர்ந்தால் படம் வந்துவிடும். பெட்டியில் 85 வைத்துப் பழகியவர்கள், 60 போதுமா என்று கவலைப்பட வேண்டாம். எல்சிடியில் ஒரு புள்ளி அடுத்த கட்டளை வரும்வரை தன் நிலையிலேயே நிற்கிறது. பாஸ்பர் போல ஒளிர்ந்து அணைவதில்லை.

கணினி, திரை இரண்டையும் அணைத்துவிட்டுக் கேபிளை மாற்றி, சொந்த ரெசல்யூஷனைத் தேர்ந்து, திரையில் ‘ஆட்டோ’ என்று இருக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்த வேண்டும். விஜிஏ வழியாக வரும் அலையில் ஒரு புள்ளி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைத் திரை அப்போது அளந்து கொள்கிறது. எழுத்து நிறைந்த ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அழுத்தினால் அளவு சரியாக அமையும். எழுத்து இப்போது முன்பைவிடச் சிறியதாகத் தெரிவது இயல்பு. ரெசல்யூஷனைக் குறைத்து அதைப் பெரிதாக்கக் கூடாது. அதே அட்வான்ஸ்டு பகுதியின் ஜெனரல் என்பதில் டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவை 120 ஆக்கினால் எழுத்து கூர்மை குறையாமல் பெரிதாகும். எக்ஸ்பியில் கிளியர்டைப் என்ற எழுத்து மெருகூட்டும் வசதி இயல்பாக அணைந்திருக்கும். அப்பியரன்ஸ் பகுதியில் எஃபெக்ட்ஸ் என்பதில் அதை இயக்கினால், லதா என்ற தமிழ் எழுத்துருவின் வளைவுகள் எவ்வளவு மென்மையாகின்றன என்பது முதல் பார்வையிலேயே தெரியும். மாமாவின் மேசைக்கு நாங்கள் பின்னர் வாங்கிய 17 அங்குலச் சதுரத் திரையில், இந்த மாற்றங்களுக்குப் பிறகுதான் அவர் மூக்குக் கண்ணாடியை ஒதுக்கி வைத்துவிட்டு எண்களைப் படித்தார். 22 அங்குலத் திரை மகளின் லேப்டாப்போடு நின்றுவிட்டது.

மின்சாரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 17 அங்குலப் பெட்டி ஏறத்தாழ 80 வாட் எடுக்கும். அதே அளவுள்ள பழைய எல்சிடி ஏறத்தாழ 30 வாட். நாளுக்கு 8 மணி நேரம் என்றால், இரண்டு மாத மின்கட்டணத்தில் 24 யூனிட் குறையும். மின்தடையின்போது யுபிஎஸ் கூடுதல் நேரம் தாங்கும்.

துடைக்கும்போது மட்டும் பழைய பழக்கத்தை விட வேண்டும். பெட்டியின் முகம் கனத்த கண்ணாடி. தட்டைத் திரையின் முகம் மெல்லிய பிளாஸ்டிக் படலம். கிரானைட் அறுக்கும் பட்டறைகளுக்கு அருகில் இருப்பவர்கள், துணியை வைப்பதற்கு முன் மென்தூரிகையால் தூசியைத் தட்டிவிட வேண்டும். கல்தூசியோடு சேர்த்துத் தேய்த்தால் கீறல் விழும். பிறகு சற்றே ஈரமாக்கிய மென்துணி போதும்.

கழற்றிய பெட்டியை என்ன செய்வது என்பதிலும் கவனம் வேண்டும். அதன் கண்ணாடியில் கதிர்வீச்சைத் தடுப்பதற்காகச் சேர்த்த ஈயம் இருக்கிறது; உள்ளே பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தத்தில் இயங்கிய குழாய், மின்இணைப்பைப் பிடுங்கிய பிறகும் மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். ஆர்வத்தில் திறந்து பார்க்கக் கூடாது. செம்புச் சுருளுக்காகக் கழுத்தை உடைத்துவிட்டுக் கண்ணாடியை ஏரிக்கரையில் கொட்டிச் செல்வோரிடம் எடைக்குப் போடவும் கூடாது. அந்த ஈயம் ஏரி மண்ணிலும் கிணற்று நீரிலும் கலக்கக்கூடியது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, இத்தகைய பொருள் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே போய்ச் சேர வேண்டும். புதுத் திரை வாங்கும் கடையில் பழையதை எடுத்துக்கொள்வார்களா, எடுத்துக்கொண்டால் யாரிடம் ஒப்படைக்கிறார்கள் என்று விலை பேசும்போதே கேட்டுவிடலாம். தூக்கும்போது திரைப் பக்கம் மார்பை ஒட்டி இருக்குமாறு அணைத்துத் தூக்க வேண்டும்; எடையின் பெரும்பகுதி முன்பக்கக் கண்ணாடியில் இருப்பதால், மறுபுறமாகப் பிடித்தால் கையை மீறிச் சாய்ந்துவிடும்.